தார்ப் பாலைவனமும் வெள்ளவத்தைத் தொடர்மாடியும்

2020 மார்ச் 21, சனிக்கிழமை

கொரோனா தொற்றைத் தடுக்க, நேற்று மாலை 6 மணிக்கு இலங்கை முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. திங்கட்கிழமை காலை நீக்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். பாடசாலைகளை மூடி, கட்டுநாயக்க விமான நிலையத்தில் வெளிநாட்டிலிருந்து பயணிகள் வந்திறங்குவதையும் நிறுத்திவிட்ட பிறகு, இது ஒரு வார இறுதியோடு முடிந்துவிடும் என்று எங்கள் தொடர்மாடியில் யாரும் நம்புவதாகத் தெரியவில்லை. கொழும்பின் பிரதான பாதையான காலி வீதியில் வாகனம் இல்லை. கடற்கரையோர ரயில் பாதையும் ஓய்ந்து கிடக்கிறது.

சென்ற மாதம் நானும் கணவரும் ராஜஸ்தானில், தார்ப் பாலைவனத்திலுள்ள ஜெய்சல்மேருக்குப் போய் வந்தோம். மகளுக்கு உயர்தர வகுப்பு இருந்ததால் அவள் அம்மாவுடன் இங்கேயே நின்றுவிட்டாள். பயணத்தில் எழுதிய குறிப்புகள் கொப்பியில் இருக்கின்றன. அலுவலகமும் வீடுமாக ஓடிக்கொண்டிருந்ததில் அவற்றைப் பிரித்துப் பார்க்கவே நேரம் வாய்க்கவில்லை. படங்களைப் பார்த்த அன்றே அம்மா கேட்டார், "பிள்ளை, ஒரு பச்சையும் இல்லாத இடத்திலை அந்தச் சனம் எப்பிடிச் சீவிக்குது?" அன்று நான் சொன்ன பதிலில் அவருக்குத் திருப்தி இல்லை. எழுத முடிகிற நாட்களில் இங்கே எழுதுகிறேன். அவருக்குச் சொல்லும் பதிலாகவும் அது இருக்கட்டும்.

டெல்லியில் மாலையில் ஏறிய ரயில் மறுநாள் நண்பகல் கடந்த பிறகே ஜெய்சல்மேரை அடைந்தது. ஜோத்பூரைத் தாண்டியதும் மூடிய சன்னலின் இடுக்குகளால் மணல் உள்ளே வரத் தொடங்கியது. இருக்கையிலும் போர்வையிலும் தண்ணீர்ப் போத்தலின் மூடியிலும் மாவாகப் படிந்தது. எதிரில் சிவப்புத் தலைப்பாகை கட்டிய முதியவர் ஒருவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மையார் துணி மூட்டையை அவிழ்த்து, கம்பு ரொட்டியும் உள்ளியும் மிளகாயும் அரைத்த சட்னியும் எடுத்தபோது, தங்களுக்கு எடுக்கு முன்னரே எங்கள் இருவருக்கும் பகிர்ந்து வைத்தார். எங்களுக்கு இந்தி தெரியாது. அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. மறுப்பதற்கு வழியே இருக்கவில்லை. சட்னியின் காரம் கண்ணில் நீரை வரவழைத்தது; அதைப் பார்த்ததும் பெரியவர் மடியிலிருந்து ஒரு வெல்லக்கட்டியை எடுத்து நீட்டினார்.

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை

இன்று காலை சில மணி நேரத்துக்கு ஊரடங்கைத் தளர்த்தினார்கள். அம்மாவின் பிரஷர் குளிசைகளுக்காகக் கணவர் மருந்துக்கடை வரிசைக்குப் போனார். நான் பலசரக்குக் கடை வரிசையில் நின்றேன். அது சந்தியைச் சுற்றித் திரும்பி அடுத்த ஒழுங்கை வரை நீண்டிருந்தது. ஓர் இளைஞர் தன் இடத்தை முதியவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசிக்கு நடந்தார். அதற்குப் பிறகு எங்கள் பகுதியில் யாரும் முண்டியடிக்கவில்லை. சென்ற வாரம் மைசூர்ப் பருப்பு கிலோ 65 ரூபாய், ரின் மீன் 100 ரூபாய் என்று அரசாங்கம் உச்ச விலை அறிவித்தது. நான் கடைக்குள் நுழைந்தபோது இரண்டுமே தட்டில் இல்லை. அரிசி, கௌபி, வெங்காயம், இரண்டு தேங்காய், சவர்க்காரம் ஆகியவற்றோடு வீடு திரும்பினேன்.

அம்மா பதறவில்லை. 1990களில், பொருளாதாரத் தடை இருந்த யாழ்ப்பாணத்தில் எங்களை வளர்த்தவர் அவர். மண்ணெண்ணெய் அருந்தலான அந்த நாட்களில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சொட்டு எண்ணெய் விட்டு ஏற்றிய விளக்கில்தான் நானும் தம்பியும் படித்தோம். கொழும்புக்கு வந்து இவ்வளவு காலமாகியும் குசினி அலுமாரியின் மேல்தட்டு அவருடைய ஆட்சியிலேயே இருக்கிறது. ஒடியல், புளுக்கொடியல், மோர்மிளகாய், பாவற்காய் வற்றல், வேப்பம்பூ வடகம் எல்லாம் பழைய பால்மா ரின்களில் அடைத்து, மூடியில் மாதம் எழுதி வைக்கப்பட்டிருக்கும். மகள் அந்தத் தட்டை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. இன்று இரவு கௌபிக் குழம்புக்கு வடகம் பொரித்தபோது இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அந்த ரின்களைப் பார்க்கும்போது ஜெய்சல்மேர் கடைத்தெருவின் சாக்குகள் நினைவுக்கு வந்தன. அங்கே நாங்கள் உண்ட முதல் சாப்பாடு கேர் சாங்கிரி. கேர் என்பது இலையற்ற முட்புதரில் காய்க்கும், சுண்டங்காய் அளவுள்ள காய். சாங்கிரி என்பது வன்னி மரத்தின் நீண்ட காய்; நம் சிவன் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் அதே வன்னி. மழை பொய்த்த ஆண்டிலும் அந்த மரம் காய்க்கும். வெயில் உச்சத்துக்கு ஏறும் காலத்தில் பச்சையாகப் பறித்து, அவித்து, காய வைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் கெடாது என்றார் சமையற்காரர். இரவு முழுவதும் ஊற வைத்து, மீண்டும் அவித்து, எண்ணெயில் செத்தல் மிளகாயும் மாங்காய்த் தூளும் சேர்த்துப் பிரட்டுகிறார்கள். மேலே நெய் ஊற்றிய கம்பு ரொட்டியோடு ஒரு தட்டு இந்திய ரூபாயில் 180. நம் கணக்கில் 450க்குச் சற்று மேல். புளிப்பும் சிறு கைப்புமாக, வாயில் நெடுநேரம் நிற்கும் சுவை.

வன்னியின் தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி. நிழலில் கம்பு விளையும். வேர் மண்ணை இறுக்கிப் பிடிக்கும். ராஜஸ்தானின் மாநில மரமும் அதுதான். 1730இல் ஜோத்பூர் அரசனின் ஆட்கள் மரம் வெட்ட வந்தபோது, அருகிலுள்ள கேஜர்லி கிராமத்தில் அம்ரிதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்று உயிர் கொடுத்தார். அவரையும் அவரைப் பின்பற்றியவர்களையும் சேர்த்து, மரங்களைக் காப்பதைச் சமயக் கடமையாகக் கொண்ட பிஷ்ணோய் மக்கள் மொத்தம் 363 பேர் மாண்டார்கள். தண்ணீரில்லாத ஊரில் ஒரு மரம் எத்தனை குடும்பங்களின் அடுப்பு என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

கால் கிலோ சாங்கிரி வாங்கி வந்திருந்தேன். அம்மா அதை முகர்ந்து, ஒன்றை ஒடித்துப் பார்த்து, "நல்லாக் காய்ஞ்சிருக்கு" என்று மட்டும் சொல்லித் தன் தட்டில் ஏற்றிக்கொண்டார்.

2020 மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை

நேற்று இந்நோயால் நம் நாட்டில் முதல் மரணம் நிகழ்ந்தது. வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை. வாசலில் ஒரு வாளியும் சவர்க்காரமும் வைத்திருக்கிறோம். பாண்காரரின் முச்சக்கர வண்டி வரும்போது கீழே இறங்குபவர் திரும்பி வந்ததும் கைகளை 20 வினாடி கழுவியாக வேண்டும். மகள் குழாயைத் திறந்து விட்டபடியே விரல்களைத் தேய்த்துக்கொண்டு நிற்க, அம்மா பின்னால் போய் மூடிவிட்டு வருகிறார். இந்த வாரம் இந்த வீட்டில் நடக்கும் ஒரே பிணக்கு அதுதான்.

குரி கிராமத்தில் நாங்கள் தங்கிய வீட்டில் குழாயே இல்லை. ஜெய்சல்மேரிலிருந்து தென்மேற்கே ஜீப்பில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரம். மண்ணும் சாணமும் குழைத்துக் கட்டிய வட்டக் குடிசைகள்; சுவர்களில் வெள்ளைக் கோலம்; முற்றத்தில் கயிற்றுக் கட்டில்கள். நாங்கள் போனவுடன் வீட்டுக்காரப் பெண் பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டு வந்து தந்தார். அப்போது தாகத்தில் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மாலையில் அவர் பாத்திரம் துலக்குவதைப் பார்த்த பிறகுதான் அந்தச் செம்பின் பெறுமதி தெரிந்தது.

முற்றத்து மூலையில் சலித்த மெல்லிய மணல் குவித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் குந்தியிருந்து, எண்ணெய் படிந்த தட்டில் ஒரு பிடி மணலைக் கொட்டினார். உள்ளங்கையால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வட்டமாகத் தேய்த்தார். மணல் எண்ணெயை உறிஞ்சிக் கறுத்ததும் அதைத் தட்டி ஓரமாகக் கொட்டிவிட்டு, இரண்டாவது பிடியை எடுத்தார். இந்த முறை மணல் நிறம் மாறாமல் உதிர்ந்தது. பிறகு உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. தட்டில் அவருடைய வளையல்களின் சாயல் தெரிந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரும் செலவாகவில்லை. கை கழுவ மட்டும் அவருடைய சிறுமகள் செம்பைச் சரித்து நூலாக ஊற்ற, அவர் விரல் இடுக்குகள், மணிக்கட்டு, நகக்கண் என்று வரிசை மாறாமல் கழுவினார். கீழே வைத்திருந்த சட்டியில் விழுந்த அந்தத் தண்ணீர் வேலியோரத்து வேப்பங்கன்றுக்குப் போனது.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, சாம்பலும் தும்பும் கொண்டு கிணற்றடியில் பானை துலக்கிய நாட்களை அம்மா மகளுக்கு விவரிக்கத் தொடங்கிவிட்டார். இன்று மாலை மகள் சவர்க்காரம் போடும்போது குழாயை மூடினாள். நான் எதுவும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

2020 ஏப்ரல் 7, செவ்வாய்க்கிழமை

இந்த நாட்களில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலர மறுக்கிறது. எங்கள் வீடு மேல்மாடியில். கொங்கிறீட் தட்டு பகலில் குடித்த வெப்பத்தை இரவு இரண்டு மணி வரை உள்ளே இறக்குகிறது. நால்வரும் நாள் முழுவதும் வீட்டிலேயே இருக்கும்போதுதான் இந்தக் கட்டடத்தில் காற்று எங்கே நுழைகிறது, எங்கே அடைபடுகிறது என்பதை முதன்முறையாகக் கவனிக்கிறோம். காலையில் கடற்பக்கச் சன்னல். பத்து மணிக்குப் பிறகு திரை. மூன்று மணிக்கு முன்கதவும் பின்கதவும் திறந்து ஒரு வீச்சு. இந்த ஒழுங்கை வகுத்தவர் கணவர்.

ஜெய்சல்மேரில் நாங்கள் இருந்தபோது பகலில் 27 பாகை, இரவில் 12 பாகை என்று சுகமாகவே இருந்தது. உதடு வெடித்ததைத் தவிர வேறு துன்பமில்லை. கோடை அங்கே வேறு கதை. ரயில் பாதையில் நாங்கள் கடந்து வந்த பலோடியில் 2016 மே 19 அன்று 51 பாகை பதிவாகியிருக்கிறது; இந்தியாவில் அதற்கு முன் அப்படியொரு வெப்பம் பதிவானதில்லை. அந்தக் கோடைக்காகவே கட்டப்பட்ட ஊர் ஜெய்சல்மேர். 1156இல் ராவல் ஜெய்சல் நிறுவிய கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. சலவை காய்கிறது, பிள்ளைகள் பாடம் சொல்கிறார்கள், மாடு படியேறி வருகிறது. தெருக்கள் இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அகலம். அந்த ஒடுக்கத்தால் நண்பகலிலும் ஒரு பக்கச் சுவரின் நிழல் மறுபக்கத்தைத் தொடுகிறது. மஞ்சள் மணற்கல் சுவர்கள் ஒரு முழத்துக்கும் மேல் தடிப்பு. வீதியைப் பார்த்த பலகணிகளில் கல்லைச் சல்லடையாகச் செதுக்கியிருக்கிறார்கள். காற்று துளைகளுக்குள் நெருங்கி வருவதால் வேகம் கொள்கிறது, உள்ளே இருப்பவரை வெயில் தொடுவதில்லை. பத்வா வணிகர்களின் மாளிகையில் அந்தப் பலகணியின் உட்பக்கத்தில் சற்று நேரம் அமர்ந்தேன். வெளியே கண் கூசும் வெளிச்சம். உள்ளே கல்லின் குளிர்ச்சி முதுகில் ஏறியது.

பாலைவனம் என்றால் எல்லையில்லா வெளியில் அலைந்து திரியும் வாழ்க்கை என்று நான் எண்ணியிருந்தேன். அங்கே கண்டது வீட்டுக்குள் இருப்பதை ஒரு கலையாகப் பழகிய மக்களை. அதிகாலையில் வெளிவேலை, பத்து மணிக்குள் உள்ளே, மாலை சாய்ந்ததும் திரும்பவும் முற்றம். தண்ணீர் எடுக்கும் நேரம், சமைக்கும் நேரம், படுக்கும் திசை எல்லாவற்றையும் வெயில் தீர்மானிக்கிறது. அம்மாவின் கேள்விக்கு நான் சொல்ல வேண்டிய பதிலின் பெரும்பகுதி இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. இன்று மதியம் சன்னலை மூடிவிட்டுத் தரையில் பாய் விரித்து நால்வரும் படுத்திருந்தபோது அவரிடம் சொன்னேன். "நாங்களும் அப்பிடித்தானே இருந்தனாங்கள்" என்றார்.

2020 ஏப்ரல் 13, திங்கட்கிழமை

இன்று இரவு சார்வரி வருடம் பிறக்கிறது. கோயிலுக்குப் போக முடியாததால் மருத்துநீரை அம்மாவே கைக்குக் கிடைத்தவற்றைக் கொண்டு காய்ச்சியிருக்கிறார். கைவிசேஷத்துக்குப் புதுத் தாள் இல்லை. இருந்ததில் நல்லதைத் தேர்ந்து கொடுப்பார்.

சென்ற பெப்ரவரி 21 மகா சிவராத்திரி. அந்த இரவை நாங்கள் குரி மணற்குன்றுகளில் கழித்தோம். ஒட்டகத்தில் ஏறிப் போனபோது அது எழும்போது ஒருமுறையும் படுக்கும்போது ஒருமுறையும் உடம்பை உலுக்கியதில் என் இடுப்பு இரண்டு நாள் வலித்தது. அஸ்தமனம் முடிந்ததும் குளிர் திடீரென்று இறங்கியது. சாப்பாடு பரிமாறிய வேளையில் காற்று எழுந்து, பருப்பிலும் சோற்றிலும் மணலை வாரிப் போட்டது. சமைத்த பையன் கலங்கிப்போனான். வழிகாட்டி அமைதியாகப் பாத்திரங்களைத் துணியால் மூடி, காற்றுக்கு முதுகு காட்டி எங்களை வட்டமாக உட்கார வைத்து, மீதியைக் கைக்குக் கையாகத் தந்தார். பல்லில் மணல் நெறுநெறுவென்றது. இருந்தும் ஒருவரும் சாப்பாட்டை ஒதுக்கவில்லை.

பிறகு மாங்கணியார் பாடகர்கள் இருவர் வந்தார்கள். அவர்கள் முஸ்லிம்கள், தலைமுறை தலைமுறையாக இந்துக் குடும்பங்களின் பிறப்புக்கும் திருமணத்துக்கும் பாடுவது அவர்களுடைய தொழில். ஒருவர் கமாயிச்சா என்னும், வில்லால் வாசிக்கும் நரம்பு வாத்தியத்தை மடியில் சாய்த்து வைத்திருந்தார். இளையவர் இரண்டு கைகளிலும் கர்த்தால் மரத்துண்டுகளைப் பிடித்துத் தாளம் போட்டார். சிவராத்திரி என்று அறிந்ததும் சிவனைப் பற்றியே பாடினார்கள். நான் விரதமிருக்கும் இரவுகளில் கேட்டுப் பழகிய தேவாரத்துக்கும் அந்தக் குரலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் என் கண் நிறைந்தது. மேலே நிலவில்லாத வானம். கார்த்திகைக் கூட்டம் மேற்கே சரிய, திருவாதிரை செம்மையாக ஒளிர்ந்தது. தூங்காமலே விடிய வைத்தேன். விடியலுக்குச் சற்று முன்னர் தேய்பிறைக் கீற்று குன்றின் மேல் எழுந்தது.

இந்தியாவிலும் மார்ச் 25 முதல் ஊர்கள் மூடப்பட்டிருக்கின்றன. இன்று வாழ்த்துச் சொல்ல வழிகாட்டிக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தோம். "தீதி, கம்மா கணி" என்று எப்போதும்போல் வணக்கம் சொல்லித் தொடங்கினார். சுற்றுலாப் பருவத்தின் கடைசி வாரங்கள் போய்விட்டன, ஒட்டகங்களுக்குத் தீனி வாங்கக் கடன் பட்டிருக்கிறார், பாடகர்கள் இருவரும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். விருந்தாளி இல்லாமல் பாடுவதற்கு யார் பணம் தருவார்கள் என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. சென்னையிலிருக்கும் கணவரின் அக்கா மூலமாகக் கொஞ்சப் பணம் அனுப்பினோம். உதவி என்று சொன்னால் வாங்க மாட்டார் என்பதால், அடுத்த பயணத்துக்கு முற்பணம் என்று சொல்லியே அனுப்பினோம்.

2020 ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை

நோன்பு தொடங்கியிருக்கிறது. கீழ்மாடியில் வசிக்கும் குடும்பம் ஆண்டுதோறும் தரும் நோன்புக் கஞ்சியை இந்த ஆண்டும் மறக்கவில்லை. கதவைத் தட்டிவிட்டு, மூடிய சட்டியை வாசற்படியில் வைத்துவிட்டு, மாடிப்படியில் இறங்கி நின்று, "சூடு ஆற முதல் குடியுங்கோ" என்றார் அந்த வீட்டு ராத்தா. நாங்கள் சட்டியைக் கழுவி, அம்மா செய்த பயற்றம் பணியாரத்தை வைத்து அதே படியில் திருப்பி வைத்தோம்.

தொடாமல் கொடுப்பதும் ஒரு மரியாதை என்பதை நான் பார்த்த இடம் குல்தரா வீதி. குல்தரா, பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்து 19ஆம் நூற்றாண்டில் கைவிட்டுச் சென்ற ஊர். கொடுமைக்கார திவான் ஒருவரின் தொல்லையால் ஒரே இரவில் எல்லோரும் வெளியேறினார்கள் என்பது கதை. நீர்வளம் வற்றியதும் வரிச்சுமையும் காரணமென்று கருதுவோரும் உண்டு. கூரையில்லாத கல் வீடுகள் நேர்கோட்டில் நிற்கின்றன. ஊரைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தோன்றவில்லை. அங்கே ஒரு மணி நேரம் போதும். அந்த மக்கள் விட்டுச் சென்ற கடீன் என்ற ஏற்பாடுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. பாறைச் சரிவில் ஓடும் மழைநீரை அடிவாரத்தில் நீண்ட மண் அணை கட்டி மறித்து, அது ஊறிய நிலத்தில் கோதுமையும் கடலையும் விதைத்தார்கள். ஆண்டுக்கு 200 மில்லிமீற்றர் மழைகூட விழாத நாட்டில் கோதுமை.

திரும்பும் வழியில் எங்கள் ஜீப்பின் ரயர் வெடித்தது. மாற்று ரயரிலும் காற்று இல்லை. வாகனத்தை வாடகைக்கு விட்டவர் தொலைபேசியை எடுக்கவேயில்லை. மரமில்லாத வீதியில் முக்கால் மணி நேரம் நின்றோம். கல் ஏற்றிய லொறியொன்று தானாகவே நின்றது. சாரதி இறங்கி, எதுவும் கேட்கு முன்னர் லொறியின் பக்கத்தில் தொங்கிய தடித்த கன்வஸ் துணிப் பையை அவிழ்த்து என் கணவரிடம் நீட்டினார். பையின் வெளிப்புறம் ஈரமாகக் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கசிவு காற்றில் உலர உலர உள்ளேயிருக்கும் தண்ணீர் குளிரும். பையின் வாயை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கும்படி தானே முதலில் செய்து காட்டினார். அது எங்களுக்குச் சின்ன வயதிலேயே பழக்கியது. இருவரும் ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்ததைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. ரயரைக் கழற்ற உதவி, எங்கள் சாரதியைப் பக்கத்துப் பட்டறைக்கு ஏற்றிக்கொண்டு போனார். பணம் கொடுக்க முயன்றபோது இரண்டு கைகளையும் கூப்பிப் பின்வாங்கினார்.

2020 மே 17, ஞாயிற்றுக்கிழமை

வங்கக் கடலில் புயல் உருவாகியிருக்கிறது. நேற்றிலிருந்து கொழும்பில் மழை விடவில்லை. சென்ற வாரம் முதல் அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தின்படி வெளியே போக அனுமதிக்கிறார்கள். எனக்கு வியாழன், கணவருக்குத் திங்கள். தேங்காய் வேண்டுமென்றால் திங்கட்கிழமையே யோசித்துவிட வேண்டும்.

பல்கனிக் குழாயால் கொட்டிய மழையை மகள் இரண்டு வாளிகளில் பிடித்து வைத்தாள். களனி ஆறும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களும் ஊட்டும் நகரத்தில் அதற்குத் தேவையில்லை. அவளுக்குச் செய்ய வேண்டும் போலிருந்தது. குரியில் ஒவ்வொரு முற்றத்திலும் தாங்கா என்னும் நிலக்கீழ்த் தொட்டி உண்டு. சுற்றியுள்ள தரையைச் சாய்வாக மெழுகி வைத்திருப்பார்கள். மழைக்காலத்துக்கு முன்னர் அந்தத் தரையைப் பெருக்காமல் விடும் வீட்டை ஊர் மதிக்காது. மூடியில் பூட்டு. கோட்டைக்குக் கீழே, 14ஆம் நூற்றாண்டில் ராவல் கட்சி சிங் அமைத்த கடிசர் ஏரி பல நூறு ஆண்டுகள் ஜெய்சல்மேருக்குக் குடிநீர் தந்தது. இப்போது பஞ்சாப் ஆறுகளின் நீர் ஏறத்தாழ 650 கிலோமீற்றர் நீளமான இந்திரா காந்தி கால்வாயால் பாலைவனத்துக்கு வருகிறது.

குழாய்த் தண்ணீர் கோட்டைக்கு நோயாகிவிட்டதைப் பார்த்தபோது மனம் கனத்தது. குடத்தில் சுமந்து வந்த தண்ணீருக்கென அமைந்த வடிகால்களில் குளியலறைகளின் கழிவுநீர் பாய்கிறது. அது குன்றின் அடியிலுள்ள களிமண்ணில் ஊறி, கொத்தளங்கள் சில சரிந்திருக்கின்றன. நாங்கள் தங்கிய விடுதி கோட்டைக்கு வெளியே இருந்தது. உள்ளே தங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர் கோட்டைக்குள் பிறந்த வழிகாட்டியே.

இன்று அவர் அனுப்பிய காணொளியில் வானம் பழுப்பாகத் தெரிந்தது. வெட்டுக்கிளிகள். சென்ற ஆண்டு படையெடுத்த கூட்டம் ஏப்ரலிலிருந்து எல்லையைக் கடந்து திரும்பவும் வந்துகொண்டிருக்கிறது. பெண்கள் தட்டுகளை அடித்து விரட்டுகிறார்கள். அவற்றில் ஒரு தட்டு, மணலால் துலக்கப்பட்ட அந்தத் தட்டாக இருக்கலாம். வன்னி மரங்களில் காய் பிடிக்கும் காலம் இது. மகள் அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

2020 மே 26, செவ்வாய்க்கிழமை

இன்று காலை கொழும்பில் பகல்நேர ஊரடங்கு நீங்கியது. கணவர் முகக்கவசத்தோடு வேலைக்குப் போனார். மார்க்கட் வரை நடந்தேன். சூடை மீன் கிலோ 300 ரூபாய்க்குக் கிடைத்தது, பழக்கமான மீன்காரர் தூரத்திலிருந்தே கையசைத்து, "அக்கா, எல்லாரும் சுகமே?" என்று கேட்டார். இரண்டு மாதங்களாக யாரிடமும் விலை பேசாதவள், இன்று பேசவும் மனமில்லாமல் கேட்டதைக் கொடுத்தேன்.

நேற்றிரவு ஊறப்போட்ட சாங்கிரியை அம்மா இன்று சமைத்தார். மாங்காய்த் தூளுக்குப் பதில் பழப்புளி, கடுகெண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய், கடைசியில் இரண்டு மோர்மிளகாய். ஜெய்சல்மேர் சமையற்காரர் ஒப்புக்கொள்வாரா தெரியாது. எங்களுக்குச் சட்டி காலியாகிவிட்டது. படத்தை வழிகாட்டிக்கு அனுப்பினோம். பருவம் ஒக்டோபரில் தொடங்கினாலும் வெளிநாட்டார் வருவார்களா என்று சொல்ல முடியாது, அதுவரை கால்வாய்ப் பக்கத்து வயலில் கூலிவேலைக்குப் போகிறேன் என்று எழுதினார். எங்கள் முற்பணத்துக்கு அறை எப்போதும் உண்டாம். அடுத்த முறை மகளோடு அம்மாவும் வருவதாகச் சொன்னபோது, அவர் உள்ளி சாப்பிடுவாரா, கயிற்றுக் கட்டிலில் படுப்பாரா, குளிர் தாங்குவாரா என்று கேட்டிருந்தார். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"உள்ளி சாப்பிடுவன், கட்டிலிலை படுப்பன். குளிருக்கு அந்தச் சிவப்புக் கம்பளியைக் கொண்டு வாறன் எண்டு சொல்லு. ஒட்டகத்துக்கு மட்டும் என்னைக் கேக்க வேண்டாம்."

அப்படியே எழுதி அனுப்பினேன்.